மலைப் பைனும் மாமியார் கையும்

அத்தியாயம் 9

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில், ஆண்கள் பக்கம் இருவரும் பெண்கள் பக்கம் இருவருமாக முழங்காலிட்டிருந்த நால்வரும் ஒரே மரத்துக்காகத்தான் ஜெபித்தார்கள். ஜெபம்தான் நாலு விதம்.

இன்று மூன்று மணிக்குப் புதுச்சேரியிலிருந்து வரும் டாக்டரம்மா தன் பைன் மரத்தைப் போன்சாய்க் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பிரிட்டோ வேண்டினான். அவன் நைனா பாக்கியசாமி, தேர்ந்தெடுக்கக் கூடாது என்று வேண்டினார். அமலோற்பவம் இந்த இரண்டு ஜெபத்தையும் ஊகித்து, புருஷனுக்கும் பிள்ளைக்கும் ஒருசேர நல்லது செய்யும்படி மாதாவிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டாள்.

மருமகள் எலிசபெத்துக்குத்தான் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

மரம் அவளுக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. கொடைக்கானல் பக்கம் ஓர் எஸ்டேட்டில் மோட்டார் பார்க்கப் போன பிரிட்டோ, மலைச்சரிவில் பாறை இடுக்கில் முளைத்து, காற்றில் அடிபட்டு, இடுப்பு உயரத்துக்கு மேல் வளர வழியில்லாமல் முறுக்கிக்கொண்டு நின்ற அந்தப் பைனைப் பார்த்தான். மறுநாள் பாதை போட ஜேசிபி வருவதாக இருந்தது. முதலாளியிடம் கெஞ்சி எழுதி வாங்கிக்கொண்டு, வேரோடும் மண்ணோடும் தோண்டிச் சாக்கில் கட்டிச் செஞ்சிக்குக் கொண்டுவந்துவிட்டான். மோட்டார் வந்த மரப்பெட்டியில் நட்டு, பச்சை வலையும் ஈரச் சாக்குமாக மூன்று கோடையைத் தாண்ட வைத்தான். திருவண்ணாமலை ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் கடை வைத்திருப்பவன் ஆனதால் செம்புக் கம்பிக்குப் பஞ்சமில்லை. எரிந்த மோட்டாரில் பிரித்த கம்பியை வறட்டி நெருப்பில் காய்ச்சி மிருதுவாக்கி, கிளை கிளையாகச் சுற்றி, தினம் ஒரு நூல் அளவு வளைத்தான்.

பொங்கலுக்குப் பனமலையில் அம்மா வீட்டில் இரண்டு நாள் தங்கலாம் என்று எலிசபெத் கேட்டபோது, "மரத்துக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?" என்று கேட்டதும் அதே பிரிட்டோதான். "ஒருநாள் இல்ல ஒருநாள் உங்க மரத்த நானே மொட்டையடிச்சிடறேன் பாருங்க!" என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி கத்தியதைப் போன வாரம் பார்த்தோம். தெருவும் அதை மறக்கவில்லை.

பாக்கியசாமி முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எதையும் பாதி வழியில் நிற்க விடமாட்டார்.

"இன்னிக்குத் தேறிச்சின்னா சரி. தேறலன்னா சாயங்காலமே மரம் கோயில் மண்ணுல எறங்கிடும். சாமியாருக்கு வாக்குக் குடுத்துட்டேன். வருசா வருசம் கிறிஸ்மஸ்க்கு ஸ்டார் கட்டலாம்."

"தரையில வச்சா சித்திர வெயில்ல செத்துடும், நைனா."

"கோயில் மரம்டா அது. கர்த்தர் பாத்துப்பாரு."

"கர்த்தர் பச்ச வலை கட்டுவாரா?"

மாடியில் காலை எட்டு மணிக்கு இந்த வாக்குவாதம் நடந்தது. பிரிட்டோவின் முன்னால் அகலமான, ஆழமில்லாத மண்தொட்டி ஒன்று இருந்தது. ஒரு மாதம் முன்பே கொடுப்பதாகச் சொன்ன குயவர் நேற்றுச் சாயங்காலம்தான் கொடுத்தார். தொட்டி தாம்பாளத்தைவிடக் கொஞ்சம் ஆழம், அவ்வளவுதான். அடித்துளைகளில் கொசுவலைத் துண்டுகளை வைத்துக் கம்பியால் தைத்தான். கல் குவாரியில் சலித்து வாங்கிய பொடி ஜல்லி, உடைத்த செங்கல், ஆற்று மணல் மூன்றையும் கலந்து மேடு கட்டினான். பெட்டியின் பலகையைப் பிரித்ததும் வேர்க்கட்டி அப்படியே வந்தது. வேரெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

"ஐயய்யோ, பூசணம் புடிச்சிருக்குதுடா" என்றாள் அமலோற்பவம். "கழுவிடு. மஞ்சத்தண்ணியில கழுவிடு."

"அம்மா, அதத் தொடாத. அதுதான் இதுக்குச் சோறு ஊட்டுது. மலையிலேந்து கூடவே வந்தது."

"பூசணம் சோறு ஊட்டுதாம்" என்று அமலோற்பவம் மருமகளைப் பார்த்தாள். மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகும் விஷயங்கள் அந்த வீட்டில் மூன்றோ நாலோதான். பிரிட்டோவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்பது அவற்றில் முதலாவது.

நீண்ட வேர்களை நறுக்கி, மரத்தை மேட்டின்மேல் உட்கார வைத்து, தொட்டித் துளை வழியாக வந்த கம்பியால் வேரோடு கட்டி முறுக்கினான். ஒரு குச்சியால் மண்ணைக் குத்திக் குத்தி வேர்ச் சந்துகளில் இறக்கினான். எழுந்து நின்று பார்த்தபோது எலிசபெத்தே கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். பெட்டிக்குள் கிடந்தபோது அது ஒரு கோணல் செடி. தொட்டியில் ஏறியதும் அது ஒரு மலையின் ஓரத்தில் நிற்கும் பெரிய மரமாகிவிட்டது. முறுக்கிய அடிமரம், மலையிலேயே காற்று ஒடித்து வெளுத்துப்போன ஒரு பழைய கட்டை, இடது பக்கம் பள்ளத்தை எட்டிப் பார்ப்பதுபோல் கீழே சரிந்த ஒரே ஒரு நீளக் கிளை. அந்தக் கிளையின் போட்டோவைப் பார்த்துத்தான் டாக்டரம்மா வருகிறாள்.

அப்போது போன் அடித்தது. தொண்டூரில் ஒருவருடைய மோட்டார் புகைகிறது. நெல் கதிர் விட்டு நிற்கிறது.

பிரிட்டோ மரத்தைப் பார்த்தான். போனைப் பார்த்தான். டாக்டரம்மா வருவதற்கு முன்னால் பழைய ஊசி இலைகளை எடுத்துச் சுத்தம் செய்யும் வேலை பாக்கி இருந்தது. எலிசபெத் கையை நீட்டினாள்.

"நான் பண்றேன். சொல்லிட்டுப் போங்க."

"வேணாம்" என்றான் அவசரமாக. "நீ... கறி இருக்குதுல்ல, நீ அதப் பாரு. அம்மா, நீ வா."

எலிசபெத் கையை மடக்கிக்கொண்டாள். போன வாரம் கத்தியதற்கு இது விலை என்று புரிந்தது. புரிந்ததால் வலி குறையவில்லை.

"இதோ பாரும்மா. நுனியில பச்சையா நிக்குதே, அது புதுசு. அத விட்டுடு. உள்ள பழுப்பு அடிச்சுத் தொங்குதே, அது பழசு. ஒண்ணொண்ணா எடு. புதுசு போனா அந்தக் கிளை போச்சு. பைன் மறுபடி துளிர்விடாது."

"எனக்குச் சொல்லித் தர்றியா? முப்பத்தஞ்சு வருசமா கீர ஆயறேன்."

அந்த வாக்கியத்தில் இருந்த அபாயத்தை யாருமே கவனிக்கவில்லை. பிரிட்டோ பைக்கை உதைத்துப் போய்விட்டான்.

பன்னிரண்டரைக்கு எலிசபெத் குழம்பை இறக்கிவிட்டு மாடிக்கு வந்தாள்.

அமலோற்பவம் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்திருந்தாள். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த காத்தாயி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். காத்தாயி சொல்லிக்கொண்டிருந்த சம்பந்தி வீட்டுச் சண்டைக் கதை அப்போதுதான் போலீஸ் ஸ்டேஷன் வாசலை எட்டியிருந்தது.

"அப்புறம்?" என்றாள் அமலோற்பவம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு கிளையின் நுனியைப் பிடித்தன. சரக்கென்று ஓர் உருவு. முருங்கைக்கீரையை உருவுகிற அதே உருவு. "அவ இன்னா சொன்னா?"

சரக்.

"அத்தே!"

"இருடி, ஸ்டேசன்ல இன்னா ஆச்சின்னு..."

"அத்தே, கிளையப் பாருங்க!"

அமலோற்பவம் கிளையைப் பார்த்தாள். முறத்தைப் பார்த்தாள். முறத்தில் ஒரு பெரிய வீட்டுக்குப் பொரியல் செய்யும் அளவுக்கு ஊசி இலை குவிந்திருந்தது. இடது பக்கக் கிளை, அந்த நீளக் கிளை, அடி முதல் நுனி வரை துடைப்பக் குச்சி மாதிரி நின்றது.

"அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன் அமலு அக்கா" என்று காத்தாயி காணாமல் போனாள்.

"நான் பழசத்தான் எடுத்தேன்" என்றாள் அமலோற்பவம் மெதுவாக.

"இளசு?"

"முதல்ல ஒண்ணொண்ணாத்தான்டி எடுத்தேன். சத்தியமா. இவ அந்தச் சம்பந்தியம்மா செருப்ப எடுத்தான்னு சொன்னா பாரு, அதுக்கப்புறம் கை பாட்டுக்கு..."

பிறகு அமலோற்பவம் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் வந்தா உன்னத்தான் சொல்லுவான், எலிசு."

அந்தக் குரலில் இரக்கம் இருந்தது. இரக்கத்துக்கு அடியில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்ததை எலிசபெத் கவனிக்காமல் இல்லை. மொட்டையடிப்பேன் என்று தெருவுக்கே சொன்னது அவள்தானே? இந்த ஊரில் இனி யாரைக் கேட்டாலும் அவள் பெயரைத்தான் சொல்வார்கள்.

அவள் கீழே ஓடி, செருப்பு ஒட்ட வாங்கி வைத்திருந்த பசை டியூபை எடுத்து வந்தாள்.

"ஒட்டிடலாம்."

"எத?"

"ஊசிய. மூணு மூணாத்தானே இருக்குது? ஒரு நூறு இடத்துல ஒட்டினா போதும். அந்தம்மாவுக்கு எழுபது வயசாம். கண்ணு சரியாத் தெரியாது."

"அவங்க கண்ணு டாக்டரு, எலிசு."

அதற்கெல்லாம் நேரமில்லை. அமலோற்பவம் ஊசிகளைப் பொறுக்கி நீட்ட, எலிசபெத் அடியில் ஒரு சொட்டு வைத்துக் கிளையில் நிறுத்தினாள். முதல் பத்து நன்றாகவே நின்றன. பதினொன்றாவது தலைகீழாக நின்றது. இருபதாவதில் கிளை, கோழி இறகைச் சொருகி விளையாடிய சோளத்தட்டை போல ஆனது. முப்பதாவதில் டியூப் வாய் பிளந்து மொத்தமாகக் கொட்டியது.

"விடுங்க அத்தே."

"நீ விடு."

"நான் விட்டுட்டேன்."

"நானும் விட்டுட்டேன்டி!"

மாமியாரின் கட்டைவிரலும் மருமகளின் இரண்டு விரல்களும், நடுவில் ஒரு பைன் ஊசியோடு, ஒன்றாகிவிட்டன.

பிரிட்டோ இரண்டு மணிக்குப் படியேறி வந்தபோது கண்ட காட்சி இதுதான்: ஜெபமாலை சொல்பவர்கள் போல அம்மாவும் மனைவியும் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்குப் பின்னால் வந்த பாக்கியசாமி மலைத்துப்போனார்.

"ரெண்டு வருசமா ஒரே பஸ்ல ஆளுக்கொரு சீட்டுன்னு இருந்தீங்க. இன்னிக்கு இன்னா விசேசம்?"

"சுடுதண்ணி கொண்டாங்க மாமா. உப்புப் போட்டு" என்றாள் எலிசபெத்.

பிரிட்டோ அவர்களைத் தாண்டி மரத்தைப் பார்த்துவிட்டான். கிட்டே போனான். ஒட்டியிருந்த ஊசிகளில் ஒன்றைத் தொட்டான். அது அவன் விரலோடு வந்தது. கத்துவான் என்று எலிசபெத் எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை.

"சொன்னபடியே செஞ்சிட்ட" என்றான்.

ஒட்டியிருந்த மாமியாரின் கட்டைவிரல் ஒருமுறை துடித்தது. எலிசபெத் காத்திருந்தாள். மாடியிலிருந்து ராஜகிரிக் கோட்டை மலையின் பாறைகள் பகல் வெயிலில் தெளிவாகத் தெரிந்தன; அவற்றை எண்ணலாம் போலிருந்தது. பத்து வரை எண்ணினாள். அமலோற்பவம் வாயைத் திறக்கவில்லை. இருபது வரை எண்ணினாள். சுடுதண்ணீர் வந்துவிட்டது. விரல்கள் பிரிந்தன. வாய் மட்டும் பிரியவில்லை.

நான் இல்லை என்று எலிசபெத் சொல்லியிருக்கலாம். யார் சொல்ல வேண்டுமோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து விரலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் எதற்குச் சொல்ல வேண்டும்? தவிர, அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே.

"டாக்டரம்மாவுக்கு போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடறேன்" என்றான் பிரிட்டோ.

"அப்ப மரத்த ஏத்திட்டுப் போக மீன்பாடி வண்டிக்குச் சொல்லிடவா?" என்றார் பாக்கியசாமி. "சாமியாரு குழி வெட்டச் சொல்லிட்டாரு."

எலிசபெத்துக்கு அதுவரை மரத்தின்மேல் இருந்த கோபம், எந்த வழியாகப் போனதென்று தெரியாமல், வேறு எங்கோ போய்ச் சேர்ந்தது. தன் பெயரைச் சொல்லி இந்த மரம் கோயில் மண்ணில் காய்ந்து சாவதை அவளால் ஏற்க முடியவில்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அந்தக் காய்ந்த குச்சியில் ஸ்டார் கட்டும்போதெல்லாம் ஊர் அவளைப் பார்க்கும்.

"மணி ரெண்டே கால்தான் ஆவுது மாமா. வண்டி நிக்கட்டும்." அவள் எழுந்து மரத்தின் முன்னால் வந்தாள். "இன்னாங்க, இந்தப் பழைய கட்ட. தினமும் ராவிக்கிட்டுத் தடவிக்கிட்டு நிப்பீங்களே, காத்து ஒடிச்சதுன்னு. இது செத்ததுதானே?"

"செத்ததுதான்."

"அப்ப இந்தக் கிளையையும் அதே மாதிரி ஆக்கிட்டா? அங்க ஒடிச்ச காத்து இங்க மட்டும் அடிக்காதா?"

பிரிட்டோ அவளைப் பார்த்தான். அன்றைக்கு முதல்முறையாகப் பார்த்தான். பிறகு கருவிப் பையை இழுத்தான்.

கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கிக் கழற்றினான். கிளையின் அடியில் கத்தியால் வளையம் போட்டான். குறடால் பட்டையை நசுக்கித் திருகினான். ஈரப் பட்டை தோல் போலக் கழன்று வந்தது. உள்ளே கிளை எலும்பு நிறத்தில் பளபளத்தது. சாம்பிராணிக்கும் பெயிண்ட் கடைக்கும் நடுவிலான ஒரு வாசனை மாடியை நிறைத்தது. எலிசபெத் தொட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டாள். பசை முழுதும் போகாத அவள் விரல்கள் பிசினிலும் ஒட்டின. நுனியை அப்படியே விட்டால் குச்சி போல் இருக்கும் என்று அவன் அதைப் பிளந்து, நார் நாராகக் குறடால் கிழித்தான். கத்தியால் வெட்டினால் மனிதன் செய்தது தெரிந்துவிடும், கிழித்தால்தான் காற்று செய்தது போலிருக்கும் என்றான். அவ்வளவுதான் பேசினான். 'சொன்னபடியே செஞ்சிட்ட' என்பதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கார் வந்துவிட்டது.

டாக்டர் ராஜம்மாள் குள்ளமாக, விறைப்பாக இருந்தாள். காபி வேண்டாம், நாற்காலி வேண்டாம் என்று நேரே மாடி ஏறினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தாள். குனிந்தாள். மண்ணை மோந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மண்ணு இன்னைக்கு மாத்தினது. பட்டை இன்னைக்கு உரிச்சது. ஊசி இன்னைக்கு எடுத்தது. ஒரே நாள்ல ஒரு ஆளுக்குக் கண்ணு, பல்லு, குடல் மூணுக்கும் ஆபரேஷன் பண்ணுவீங்களா தம்பி?"

பிரிட்டோ தலை குனிந்தான். பாக்கியசாமியின் கை சட்டைப்பையிலிருந்த போனை நோக்கிப் போனது.

"ரெண்டு மாசம் நிழல்ல வைங்க. உரம் கிரம்னு எதுவும் போடாதீங்க. பொழச்சுக்கும். மலையில இதைவிட அடி வாங்கியிருக்கும்." அவள் அந்த வெள்ளைக் கிளையை விரலால் தொடாமல், காற்றில் அதன் கூடவே விரலை இழுத்துக்கொண்டு போனாள். "போட்டோவுல பாத்தப்பவே இந்தக் கிளைதான் என்னை உறுத்திச்சு. ரொம்பக் கனம். மரம் முழுக்க அதுங்கூடவே சாயுது. இதைக் கொன்னுடுங்கன்னு சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சொன்னா அழுவீங்கன்னு கார்ல வர்றப்பவே நினைச்சேன். நாப்பது வருஷமா இதுல இருக்கிறவங்களுக்கே இருக்கிற ஒரே அழகான கிளையை எடுக்கக் கை வராது." அவள் நால்வரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "யாருக்கு வந்துச்சு இந்தத் தைரியம்?"

பிரிட்டோ மனைவியைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான். "என் வொய்ஃபு..."

"நான்தாம்மா!" என்றாள் அமலோற்பவம்.

எல்லோரும் திரும்பினார்கள். முக்கால் மணி நேரமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்த அமலோற்பவம், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"நான்தான் பண்ணேன். பன்னெண்டரைக்கெல்லாம் முடிச்சிட்டேன். முழுசா. ஒரு இளசு விடல. இவங்க ரெண்டு பேரும் அப்பறமா வந்து தோலுதான் உரிச்சாங்க."

பிரிட்டோ அம்மாவைப் பார்த்தான். பிறகு எலிசபெத்தைப் பார்த்தான். அவன் முகம் சிவந்து, காது சிவந்து, சிவப்பு கழுத்து வரை இறங்கியது.

"எலிசு..."

"அப்பறம் பேசலாம்" என்றாள் எலிசபெத். "ரொம்ப நேரம் பேசலாம். மொதல்ல அவங்க இன்னா சொல்றாங்கன்னு கேளுங்க." சொல்லும்போதே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள். மாமியாரின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. கைப்பிடிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"மரம் வருது" என்றாள் ராஜம்மாள். "ரெண்டு மாசம் கழிச்சு. ஆடாம அசையாம கொண்டு வரணும்."

பாக்கியசாமி போனைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தார். "சாமியாருக்கு நான் இன்னா சொல்றது?"

"கண்காட்சிக்கு வரச் சொல்லுங்க. டிக்கெட் கிடையாது" என்று சொல்லிவிட்டு ராஜம்மாள் அமலோற்பவத்தின் கையைப் பிடித்தாள். அந்தக் கட்டைவிரலில் பசை வெள்ளையாகக் காய்ந்திருந்ததை ஒரு கண் டாக்டர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. "நீங்களும் வர்றீங்க. எங்க போன்சாய்ச் சங்கத் தலைவர்கிட்ட ஒரு பைன் இருக்கு. நாப்பது வருஷத்து மரம். ஒரு கிளையும் தொட விடமாட்டார். மேடையில எல்லார் முன்னாடியும் நீங்க வந்து எது வேணும், எது வேணாம்னு கையை வைக்கணும். நான் அவர்கிட்ட சொல்லிடறேன், செஞ்சியிலேந்து ஒரு அம்மா வர்றாங்க, கைன்னா அதுதான் கைன்னு."

"அம்மாவா?" என்றான் பிரிட்டோ. "டாக்டர், அம்மாவுக்கு... அவங்களுக்கு பஸ் ஒத்துக்காது."

"காரு அனுப்பறேன்."

"காரு ஒத்துக்கும்" என்றாள் அமலோற்பவம்.

கார் தெருமுனை திரும்பும்வரை நால்வரும் வாசலில் நின்றார்கள். பிரிட்டோ எலிசபெத்தின் பக்கத்தில் வந்து நின்று, ஏதோ சொல்லத் தொடங்கி, இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தான். அவள் உதவி செய்யவில்லை.

அமலோற்பவம் மட்டும் யோசனையில் இருந்தாள். வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்து, காற்றில் எதையோ பிடித்து மெல்ல ஒரு தடவை உருவிப் பார்த்தாள்.

"ஏன்டி எலிசு" என்றாள். "நாப்பது வருசத்து மரம்னா, மொத்தமா எத்தன கிளை இருக்கும்?"